ஜெனரேட்டருக்குச் சுருதி சேர்த்தவர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கல்கத்தாவில் இருபத்திரண்டு வருஷம் ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவனுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் அதிசயம். பகல் முழுக்க அலிப்பூரில் மத்திய அரசு ஆபீசில் ஃபைல். சாயந்திரமானால் சங்கத்து ஹாலில் யாருக்கு எந்தத் தேதி, யார் நாற்காலியை உடைத்தது, யார் ஃபேனை அணைக்காமல் போனது என்று பஞ்சாயத்து. அப்படிப்பட்ட என்னிடம் வந்து மாட்டிக்கொண்டவர் ஜம்புநாதன். அவரைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன். அவருக்குக் கெடுதல் செய்தவனேதான் எழுதுகிறான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குத் திருவானைக்காவல். எழுபத்தெட்டில் இங்கே துறைமுக ஆபீசில் வேலைக்கு வந்தார். ஹூக்ளி நதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வடியும் என்று அட்டவணை போடுகிற பிரிவு. பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல் ஒன்றில் பாண்டு வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பும்போது தன் டபுள் பேஸை விற்க, இவர் அதை வாங்கிவிட்டார். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்தால் அதுதான் டபுள் பேஸ். நின்றுகொண்டு, கட்டிப்பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் அதை வாசித்த முதல் வாரமே கீழ் வீட்டு வங்காளி மாமி, மாஷிமா என்போம், மேலே வந்து, அலமாரியில் டம்ளரெல்லாம் ஆடுகிறது என்று முறையிட்டாள். அன்றிலிருந்து அது எங்கள் ஹாலின் ஸ்டோர் ரூமில் குடியிருந்தது. வெளியே எடுத்துப் போக வேண்டுமென்றால் கை ரிக்ஷாவில் அதை உட்கார வைத்து, இவர் பக்கத்தில் நடந்து போவார்.

அவர் வாசித்ததை ஃப்ரீ ஜாஸ் என்றார்கள். ராகம் கிடையாது, தாளம் கிடையாது, இன்னது வாசிக்கப் போகிறோம் என்ற பேச்சும் கிடையாது. மூன்று பேர் நிற்பார்கள், ஒருத்தர் ஆரம்பிப்பார், மற்ற இருவரும் அதைக் கேட்டு எங்கேயாவது போவார்கள். சாக்ஸஃபோனுக்குத் தபன்-தா, அதாவது தபன் அண்ணா, சினிமா ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். டிரம்ஸுக்கு ரிப்பன் ஸ்ட்ரீட் நார்மன், ஆங்கிலோ இந்தியர், இவரை ஜம்போ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அந்தச் சங்கீதம் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஜம்புநாதன் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, மற்ற இருவருக்கும் அடியில் போய் அவர்களைத் தாங்குகிற மாதிரி ஒரு சத்தத்தை இழுப்பார். அது மட்டும் எனக்குப் பிடிக்கும். அதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் மனைவி நாகலட்சுமி ஒரே ஒரு கச்சேரிக்கு வந்தாள். தொண்ணூற்றொன்றில், எங்கள் ஹாலில். பதினோரு பேர் வந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவள் பத்தாவது நிமிஷம் எழுந்து போய்விட்டாள். மறுநாள் நான் அவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னாள்.

"உங்களைப் பாத்து நாலு பேர் சிரிக்கறதை என்னால உக்காந்து பாக்க முடியாது. ரெக்கார்டுன்னு ஒண்ணு வரட்டும். அன்னிக்கு அடுப்பை அணைச்சுட்டு, முழுசா உக்காந்து கேக்கறேன். சத்தியம்."

அந்த மனிதருக்கு அதன் பிறகு அதுவே குறியாகிவிட்டது. ரெக்கார்டு போட வேண்டும், அவள் கேட்க வேண்டும். நார்மன் வீட்டில் கேசட் ரெக்கார்டரை வைத்து எட்டு கேசட் எடுத்தார்கள். ஊருக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் கூட வாசித்தது ஒன்று, சாந்திநிகேதன் பக்கத்திலிருந்து வந்த, ஊர் ஊராகப் பாடித் திரிகிற பாவுல் பாடகர் ஒருவர் கூடப் பாடியது ஒன்று. எல்லாவற்றிலும் சாக்ஸஃபோன் கேட்கும், டிரம்ஸ் கேட்கும், பாவுல் பாடகர் இருமுவதுகூடக் கேட்கும். பேஸ் மட்டும் கேட்காது. அந்தக் கேசட் ரெக்கார்டரின் சின்ன மைக்குக்கு அவ்வளவு கீழே காது எட்டவில்லை. போட்டுக் கேட்டுவிட்டு அவர், "இது அவளுக்கு இல்லை" என்று பெட்டியில் வைத்துவிடுவார்.

தொண்ணூற்று நாலு மே மாதம் தபன்-தா ஸ்டுடியோவிலிருந்து ஒரு நல்ல டிஜிட்டல் டேப் மெஷினும் நாலு மைக்கும் ஒரே ஒரு சாயந்திரத்துக்கு இரவல் வாங்கி வந்தார். மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் ஹாலில் ரெக்கார்டிங். நாலு மணிக்குக் காலபைசாகி அடித்தது. சித்திரை வைகாசியில் இந்த ஊரைப் புரட்டிப் போடுகிற புயல் அது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கரண்ட் போனது. எங்களிடம் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. அதை நான் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் வைத்து ஓட்டினேன். மெஷினுக்கு உயிர் வந்தது. கூடவே ஹால் முழுக்க ம்ம்ம் என்று ஒரு சத்தமும் வந்தது.

ஜம்புநாதன் வெளியே வந்தார்.

"ஓய் வைத்தி, இதைப் பின்னாடி முத்தத்துக்குத் தள்ளிடலாமா? சத்தம் டேப்புல ஏறிடும்."

"ஒயர் எட்டாது, ஓய்."

"நவராத்திரிக்கு லைட் போட்டோமே, அந்த நீள ஒயர் இருந்துதே?"

"அது இல்லை. எடுத்துண்டு போனவன் திருப்பித் தரலை."

ஒயர் இருந்தது. ஸ்டோர் ரூமில், என் அலமாரியில், முப்பது மீட்டர், பூட்டின பூட்டோடு. போன வருஷம் பழைய ஒயரை ஒருத்தருக்குக் கொடுத்து, அவர் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டுத் திருப்பினார். அந்தக் கடுப்பில் புதுசாக வாங்கி, இனி எவனுக்கும் தருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். செயலாளர் முடிவு. மழையில் நனைந்துகொண்டு ஜெனரேட்டரை இழுக்க எனக்குச் சோம்பலும்தான்.

அவர் என்னோடு வாதாடவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உள்ளே வந்து, பேஸின் தடித்த தந்தியை முறுக்கி, வில்லை இழுத்து, மறுபடி முறுக்கி, அந்த ம்ம்ம் சத்தத்தோடு அச்சாகச் சேர்த்துவிட்டார். எது ஜெனரேட்டர், எது தந்தி என்று எனக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பரவாயில்லை ஓய். தம்புரா கிடைச்சாச்சு."

காவேரிக் கரையில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும். ஒரு ஜாஸ்காரன் அந்தச் சத்தத்தைத் திட்டியிருப்பான், இல்லாவிட்டால் அதோடு சண்டை போட்டு வாசித்திருப்பான். இவருக்கு ஒரே சுரமாய் ஓயாமல் ஒலிக்கிற எதுவும் சுருதிதான். நாற்பத்தொரு நிமிஷம் வில்லை எடுக்காமல் அதன் மேலேயே நின்று வாசித்தார். ஜெனரேட்டர் மூச்சு விடுவது போல, பிறகு அழுவது போல இருந்தது. தபன்-தா வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் நனைந்த வேட்டியைப் பிழியக்கூட மறந்து நின்றேன். அவ்வளவு வருஷத்தில் அவர் வாசித்ததிலேயே அதுதான் உச்சம். நான் பொய் சொன்னதும் நல்லதாகப் போயிற்று என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அந்த டேப்பைப் போட்டுக் கேட்க எங்கள் யாரிடமும் மெஷின் இல்லை. இங்கே அதைக் கேட்டு வெளியிடவும் ஆள் இல்லை. தொண்ணூற்றாறில் நார்மன் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, அங்கே ஏதாவது வழி பிறக்கும் என்று டேப்பையும் அவரிடமே கொடுத்தனுப்பினோம். இரண்டாயிரத்தொன்றில் தபன்-தா கண்ணை மூடினார். ஜம்புநாதன் ரிடையராகி, கல்கத்தா ஓரத்தில் சால்ட் லேக்கில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிபோனார். இரண்டாயிரத்து மூன்றில் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது கீழே விழுந்தார். பக்கவாதம். பேச்சு குழறலோடு திரும்பியது. இடது கை திரும்பவில்லை. தந்தியை அழுத்துகிற கை அதுதான். மூலையில் பேஸ் பழைய போர்வை போர்த்திக்கொண்டு நின்றது.

இரண்டாயிரத்து ஐந்தில் நார்மனிடமிருந்து பார்சல் வந்தது. அங்கே ஒரு சின்னக் கம்பெனி அந்த டேப்பை ஐந்நூறு சிடியாகப் போட்டிருந்தது. அட்டையில் மூன்று பெயர்கள், நடுவில் ஜம்புநாதன், பேஸ். அவர் எனக்குப் போன் போட்டு, "வா, வா" என்று இரண்டு வார்த்தைதான் சொன்னார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போனேன். நாகலட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். "முதல்ல நாம கேட்டுடலாம், அப்புறம் அவ" என்றார்.

போட்டேன். தபன்-தா பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி வந்தார், பாவம். நார்மனின் ஒவ்வொரு தட்டலும் கேட்டது. ஜெனரேட்டர் சத்தம் துளிகூட இல்லை. பேஸும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். ஸ்பீக்கரை மாற்றினேன். ஒரு இடத்தில் வில் மரத்தில் உரசுகிற சரக் கேட்டது, அவ்வளவுதான். அவர் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

ஆஸ்திரேலியாவுக்கு நான்தான் போன் போட்டேன். நார்மனுக்கு எழுபது தாண்டிவிட்டது, காதில் மெஷின், நான் கத்திப் பேச வேண்டியிருந்தது. அவர் குஷியாகச் சொன்னார்.

"கேட்டாயா? அந்தப் பாழாய்ப் போன ஜெனரேட்டர் எங்கேயாவது கேட்கிறதா? அந்தக் கம்பெனிப் பையன் மூன்று நாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அதை அடியோடு எடுத்தான்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஜெனரேட்டரின் சுரம் எதுவோ அதை முழுக்கத் துடைத்திருக்கிறார்கள். அந்தச் சுரத்தில்தான் இவர் நாற்பத்தொரு நிமிஷம் குடியிருந்தார். ஜெனரேட்டரோடு இவரையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். பழைய டேப் எங்கே என்று கேட்டேன். மெஷினில் சிக்கி அறுந்துவிட்டது, குப்பையில் போட்டாயிற்று, துடைத்த பிரதிதான் மிச்சம் என்றார் நார்மன். பேஸ் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, தன் காதுக்கு எல்லாம் ஒன்றுதான், ஜம்போ தன்னை மன்னிக்க வேண்டும் என்றார். அந்தக் கிழவரை நான் என்னவென்று திட்டுவது.

பார்சலில் ஒரு பத்திரிகைத் துண்டும் இருந்தது. யாரோ ஒரு விமர்சகர் சிடியைப் புகழ்ந்து எழுதியிருந்தார். பேஸ் வாசிப்பவர் அபூர்வமான கட்டுப்பாடு உடையவர், அவருடைய மௌனம் துணிச்சலானது என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழிக்கப் போனேன். ஜம்புநாதன் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஓய், அன்னிக்கு ஒயர் இருந்தது. என் அலமாரியிலேயே இருந்தது. நான்தான் இல்லேன்னேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பேசினார்.

"கொடுத்திருந்தா... நான் அப்படி வாசிச்சிருக்க மாட்டேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதற்கு நான்தான் காரணம், கைக்கு எட்டியதற்கும் நான்தான் காரணம் என்கிறார். இன்னொரு முறை வாசிக்கக் கை இல்லை, கூட வாசிக்கத் தபன்-தா இல்லை, துடைத்ததைத் திரும்ப ஒட்ட எவனாலும் முடியாது. ஊரிலுள்ள அத்தனை பஞ்சாயத்தையும் தீர்த்து வைத்தவன், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது, கோயிலிலிருந்து திரும்பி அடுப்பில் பால் வைத்துவிட்டு, நாகலட்சுமி கூடத்துக்கு வந்தாள். மேஜை மேல் சிடியின் அட்டையைப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் பெயரை விரலால் தடவினாள். திரும்பிச் சமையலறைக்குப் போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"போடுங்கோ அண்ணா. கேக்கறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

நான் ஜம்புநாதனைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். போட்டேன்.

நாற்பத்தொரு நிமிஷம் அவள் அசையவில்லை. நடுவில் போன் அடித்தது, எழுந்திருக்கவில்லை. தபன்-தா ஓய்கிற இடங்களில், இப்போது வருவார் என்று தலையைச் சற்று முன்னால் நீட்டிக் காத்திருந்தாள். அங்கே ஒன்றும் வராது. மறுபடி தபன்-தாதான் வருவார்.

"நன்னா இருக்கு. யாரும் சிரிக்கலை" என்றாள். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க எப்போ வரேள்?"

நான் சிடியை எடுத்து அட்டைக்குள் போட்டேன்.

"அடுத்ததுல" என்றார் ஜம்புநாதன்.

அவள் மூலையில் போர்வைக்குள் நின்ற பேஸைப் பார்த்தாள். நாற்காலிக் கைப்பிடியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய இடது கையைத் தூக்கி, அவர் மடியில் வைத்தாள்.

"சரி. அதையும் உக்காந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் காப்பி போட எழுந்து போனாள்.