பேர் மாத்திக் கூப்பிட்டேன்

நம்பினா நம்புங்க, இல்லாட்டி போங்க. பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா முதல்ல சிரிக்கிறவ நான்தான். பீர்மேட்டு எஸ்டேட்டு மூடுபனியில தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக அதைப் பாத்தேன் இதைப் பாத்தேன்னு சொல்லுவாளுக, "கண்ணைத் தொடச்சிட்டுப் பாருடி"ம்பேன். இது பட்டப்பகல்ல, ஆஸ்பத்திரியில, அத்தனை மெஷினுக்கு நடுவுல நடந்தது.

எங்க வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து இதயத்துல பாதி செத்துப்போச்சு. கடைசியா பெரிய டாக்டர் ஒரு வழி சொன்னார். அவரோட ரத்தத்தையே எடுத்து, அதுல உள்ள செல்லை அம்மா வயித்துல இருந்த நிலைமைக்குத் திருப்பி, ஜீனையும் கொஞ்சம் மாத்தி, இதயத் தசையா வளத்து, செத்த இடத்துல ஊசியில ஏத்துறது. சோதனை முறைதான், உத்தரவாதம் இல்லன்னார். எனக்கு என்ன புரிஞ்சுது, ஆள் பிழைச்சா போதும்னு தலையாட்டிட்டேன்.

ஏத்தின கொஞ்ச நாள்ல இதயம் தாறுமாறா அடிக்க ஆரம்பிச்சுச்சு. புதுசு ஒரு தாளத்துல அடிக்குது, பழசு ஒரு தாளத்துல அடிக்குது, ரெண்டும் ஒத்துப்போகலன்னாங்க. மருந்து கேக்கல, ஷாக்கும் கேக்கல. மத்தியானம் மெஷின் கத்துது, அவருக்குக் கண்ணு சொருகுது, எனக்கு உசுரே இல்ல. மலையாளத்து நர்ஸ் பொண்ணு என் தோளைப் பிடிச்சு உலுக்கி, "சேச்சி, பேரு விளிக்கு, பேரு விளிக்கு"ன்னு கத்துறா.

எப்படிக் கூப்பிடுவேன்? புருஷன் பேரை நான் வாயால சொன்னதே இல்லையே. அவர் பேரு ராயப்பன். சர்ச்சுல எல்லாரும் புனிதருங்க பேரை வரிசையா "ராயப்பரே, சின்னப்பரே"ன்னு சேந்து ஜெபிக்கிறப்பகூட முதல் பேரை முழுங்கிட்டு, சின்னப்பரை மட்டும்தான் சொல்லுவேன். பழகுன நாக்கு, பதட்டத்துல அதையே சொல்லிருச்சு.

"சின்னப்பா! ஐயோ சின்னப்பா, விட்டுட்டுப் போயிராதீங்க!"

மாத்திச் சொல்லிட்டமேன்னு வாயைப் பொத்துறேன், திரையில கோணக்கோணலா ஓடுன கோடு ஒரே சீராயிருச்சு. டாக்டர் அடுத்த ஊசியைக் கையிலயே வச்சிட்டு நிக்கிறார்.

வாசல்ல நின்ன நாத்தனா என்னை வெளிய இழுத்துட்டுப் போனாங்க. "உனக்கு யாரு புள்ள அந்தப் பேரைச் சொன்னது?"

அப்பதான் எனக்கே தெரியும், அவர்கூடவே இன்னொரு பிள்ளையும் பிறந்திருக்கு, ரெட்டை. மருத்துவச்சி அவசரமா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்து, சின்னப்பன்னு பேர் வச்ச கையோட அந்தப் பிள்ளை செத்துப்போச்சாம். இருக்கிற பிள்ளை காதுல அந்தப் பேரே விழக்கூடாதுன்னு மாமியார் சத்தியம் வாங்கியிருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது, நாங்களும் சொல்லல.

இப்போ நல்லா இருக்கார், மேடு ஏறுறார். மருந்து தாமதமா பிடிச்சிருக்கும்னார் டாக்டர். இருக்கட்டும், ஆள் கிடைச்சாரே, அந்தச் சந்தோஷம் எனக்கு.

ஆனா போன வாரம், சோத்தைப் போட்டு வச்சிட்டு, ஜன்னல் பக்கம் நின்னவரைச் "சாப்பிட வாங்க"ன்னேன். திரும்பாமலே கேட்டார், "ரெண்டு பேருமா?"

கேலி பண்றாரோன்னு முகத்தைப் பாத்தேன், சிரிக்கல. கூப்பிட வீட்டுல வேற ஆளும் இல்ல. அதுலருந்து அவரை "வா"ன்னும் சொல்ல முடியல, "வாங்க"ன்னும் சொல்லப் பயமா இருக்கு. தட்டை அவர் பக்கத்துல வச்சிட்டு, பேசாம வந்துடுறேன்.