நடுமுதுகு

பாண்டீஸ்வரியின் முதுகெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்பியதைப் பார்த்ததும் மாமியார் சுப்புத்தாய் வாசலில் வேப்பிலை செருகினாள். "வீரபாண்டி ஆத்தா வந்திருக்கா. ஒரு வேலையும் செய்யாம படு," என்றாள். வீட்டில் தாளிப்பு நின்றது. இளநீர் வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளை யாரும் பகலில் படுக்கச் சொன்னதில்லை.

நாளாகியும் இறங்கவில்லை. தேனியில் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "அம்மை இல்லம்மா, வெறும் பரு. தினமும் இந்தக் களிம்பைத் தடவுங்க," என்றார்.

வீடு திரும்பியதும் சுப்புத்தாய் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தாள். "பருவுக்கா இம்புட்டு நாளு படுத்துக் கெடந்த? போயி ஏனத்த வெளக்கு."

பாண்டீஸ்வரி பாத்திரங்களை விளக்கினாள். குழம்பு தாளித்தாள். பிறகு களிம்பைத் தோள் வழியாகவும் இடுப்பு வழியாகவும் கைவிட்டுத் தடவினாள். நடுமுதுகு எட்டவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. அம்மை என்றிருந்தபோது அத்தை வேப்பங்கொத்தால் வருடிக்கொடுத்தது அந்த இடத்தைத்தான்.