பள்ளித் தோட்டத்தில் கதிர் திருட்டு

2017 மார்ச்சில், அறுவடை நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை காலை, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், கிளாதென் ஊர்ப் பக்கத்து ஆரம்பப் பள்ளித் தோட்டத்தில் நல்ல நெற்கதிர்கள் எல்லாம் காணாமல் போயிருந்தன. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை லஸ்மினிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சோலோ நகரத்து பஸ் கண்டக்டரின் மகள். சாக்பீஸ் பெட்டியைக்கூடப் பூட்டி வைப்பவர்.

பிள்ளைகளுக்கு நெல் பயிரிடச் சொல்லிக்கொடுத்தபோதும் அந்தக் குணம் போகவில்லை. பொதுப் பயிர் என்றால் ஒருவரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள் என்று நினைத்து, ஆளுக்கொரு குத்து பிரித்து, அடையாளமாகச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினார். "இது உன் பயிர். செத்தா உன்னோடதுதான் சாகும்" என்றார். பிள்ளைகள் போட்டி போட்டுக் களை பறித்தார்கள்.

இப்போது தாள்கள் நின்றன. கதிர்க் காம்புகள் மட்டும் சுத்தமாக அறுபட்டிருந்தன. குருவிக்குக் கத்தி ஏது? மிஞ்சியது பதர். திங்கட்கிழமை கல்வி அலுவலகத்து அதிகாரி வருகிறார். விளைச்சலைக் காட்டாவிட்டால் அந்த இடம் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகிவிடும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

தன் வண்டி வெயிலில் காய்கிறது என்று மாதக்கணக்காகப் புலம்பிய காவலாளி சுகிமின் மேல்தான் முதல் சந்தேகம்.

"பாக்," என்றார் லஸ்மினி; ஐயா என்பதற்கு அங்கே அதுதான் சொல், அம்மாவுக்கு இபு. "சட்டைப் பையில என்ன?"

"கிராம்பு சிகரெட்டு. உங்களுக்கும் ஒண்ணு வேணுமா, இபு?"

"பிளேடு இருக்கா?"

"இருக்கிற பிளேடு என் தாடிக்கே போறதில்ல. இதுல நெல்லுக்கு வேற சிரைக்கணுமா?"

சிரித்தவர் கண்கள் பிள்ளைகள் பக்கம் போய்த் திரும்பின. பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். லஸ்மினி பைகளைக் கொட்டச் சொன்னார். கடித்து வைத்த வறுத்த தெம்பே, சோயாக் கட்டித் துண்டு ஒன்று விழுந்தது, கதிர் இல்லை. யார் எடுத்தது என்று கேட்டார். தூக்கத்திலும் பேசுகிற சிறுமி வெனிங் கூட வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் கூட்டு என்று முடிவு கட்டினார்.

பள்ளி விட்டதும் வெனிங்கின் பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போனார். அடுப்புக்கு மேலே இரண்டு கதிர்கள், மல்லிகையும் துணிக் கீற்றும் சேர்த்துக் கட்டித் தொங்கின. அந்தக் கட்டைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூல்.

"இது பள்ளிக்கூடத்து நெல்லு."

"வெனிங்கோட நெல்லு," என்றாள் அவள் அம்மா பார்சியெம். "நீங்கதானே சொன்னீங்க, அவங்கவங்க பயிர் அவங்கவங்களுக்குன்னு. சொந்தக்காரிதான் முதல் கதிரை அறுத்து, நெல்லுப் பொண்ணு மாப்பிள்ளையா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

"கேட்டப்ப ஊமையா நின்னாளே?"

"அறுப்பு முடியற வரைக்கும் பிள்ளைங்க அதைப் பத்திப் பேசக் கூடாது. பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போயிடுவா. சோலோவுல இதெல்லாம் இல்லையா, இபு?"

லஸ்மினி நம்பவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனார்; அங்கும் ஒரு ஜோடி. அதற்கடுத்த வீட்டிலும். ஒல்லிப் பயிரில் குத்துக்கு இரண்டு மூன்று நல்ல கதிர்தான் தேறியிருந்தது. அதுதான் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பார்சியெமிடமே திரும்பி வந்தார்.

"திங்கட்கிழமைக்கு மட்டும் இரவல் குடுங்க."

"விதைப்புக்குத்தான் இறக்குவோம். புதுசாக் கல்யாணம் ஆனவங்களை யாராவது இரவல் கேப்பாங்களா?"

திங்கட்கிழமை அதிகாரியைச் சுகிமின் வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டு, லஸ்மினி தன் சைக்கிளில் வீடு வீடாக வழிகாட்டி முன்னே போனார்.

"பாத்தியைக் காட்டச் சொன்னா அடுப்படியைக் காட்டுறீங்க?" என்று அதிகாரி முறைத்தார். நாலாவது வீட்டில் தேநீரும் வறுத்த மரவள்ளிக்கிழங்கும் வந்தன. அதன்பிறகு கேள்வி குறைந்தது. கடைசி வீடு சுகிமினுடையது. அங்கும் ஒரு ஜோடி தொங்கியது.

"முதல்லயே தெரியுமா, பாக்?"

"என் பேத்தி உங்க வகுப்புதானே. நான் எப்படிச் சொல்றது?"

பாத்தி இன்னொரு பருவம் இருக்கட்டும் என்று அதிகாரி தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். நவம்பரில் மழை பிடித்ததும் அடுப்படிகளிலிருந்து இறங்கிய கதிர்கள் அதே பாத்தியில் விதையாயின. அதற்கு முன்பே லஸ்மினி தோட்டத்து வேலிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கியிருந்தார்.