இருபது சுற்று மஞ்சள் நூல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கொட்டகலையில் என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஓட்டும் கார் வளைவில் நின்றுபோய், பின்னால் பஸ்காரன் விடாமல் ஹோர்ன் அடித்தால் என்ன ஆகும்? இறங்கிப் போய் அவனோடு சண்டை போட்டேன். கார் என்னவோ ஸ்டார்ட் ஆகவில்லை.

அது அப்பாவின் கார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவர், வேலையை விட்ட பிறகு வாங்கிய பழைய ஜப்பான் கார். விடிந்ததும் அதை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, பிளேன்டீ கோப்பையைப் பொனட்டின் மேல் வைப்பார். தேநீர் தளும்பாது. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. லிந்துலையின் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபடி, அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டுத்தான் எத்தனையோ வருஷம் கண் விழித்தேன். அவர் போன பிறகு கார் என்னிடம் வந்தது. நானும் காலையில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

அப்பா சாமி கும்பிடாதவர். ஆயுத பூசைக்கு அம்மா பொனட்டில் சந்தனம் வைத்தால், பெயின்ட் போய்விடும் என்று துடைத்துவிடுவார். மாரியம்மன் தேர் வாசலுக்கு வந்தால், தேரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அந்த மனுஷன் இன்ஜினுக்குள் ஒரு ரப்பர் குழாயில் மஞ்சள் நூல் கட்டியிருந்தார். நான் முதல்முதலாகத் தனியே ஹட்டனுக்குக் கார் எடுத்துப் போன நாளில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் பொனட்டைத் திறந்தபோதுதான் கண்டேன். நெருக்கமாக இருபது சுற்றாவது இருக்கும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னை ஒரு நாளும் ஆசையாகக் கூப்பிட்டறியாத அப்பா, எனக்காக ஒரே ஒரு தரம் சாமியிடம் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ நாள் அதை நினைத்தே என் மனசு ஆறியிருக்கிறது.

அவர் இறந்த வருஷம் வீட்டில் பண்டிகை எதுவும் இல்லை. அது கழிந்து வந்த முதல் ஆயுத பூசைக்கு நானே காரைக் கழுவினேன். நூல் எண்ணெய் குடித்துக் கன்னங்கரேலென்று இறுகிப் போயிருந்தது. பழைய கயிற்றை எடுத்துவிட்டுப் புதுசு கட்டுவதுதானே முறை? பிளேடால் அறுத்து எடுத்து ஓடையில் விட்டேன். கோயிலில் பூசாரி தந்த புதுக் கயிற்றை அதே இடத்தில் ஒரு முடிச்சாகக் கட்டினேன். அப்பா விட்டதை நான் தொடர்கிறேன் என்று கண் கலங்கியது வேறு.

மறுநாளிலிருந்து கார் கெட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஓடும். காலை எடுத்தால் உதறும், இருமும், நின்றுவிடும். பொனட்டில் கோப்பை வைத்திருந்தால் கீழே விழுந்து உடைந்திருக்கும். ஹட்டனில் ஒருவர் காபுரேட்டரைக் கழற்றிக் கழுவினார். இன்னொருவர் பிளக் மாற்றிவிட்டு, பெற்றோலில் தண்ணீர் என்றார். போதும் போதுமென்றாகிவிட்டது.

கடைசியாகக் கொட்டகலை கடைவீதிக்குப் பின்னால் கராஜ் வைத்திருப்பவரிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். பொனட்டைத் திறக்குமுன் என்னைத்தான் விசாரித்தார்.

"டீச்சர், இது இப்படி நிக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தி இன்ஜின்ல யாராச்சும் கை வச்சாங்களா?"

யாரும் வைக்கவில்லை என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு, போத்தல் தண்ணீரை ஒவ்வொரு குழாயின் மேலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். நூல் கட்டிய குழாயில் சொட்டியதும் சத்தம் மாறியது. என் புதுக் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டு, அந்த இடத்தைக் கையால் இறுக்கிப் பிடித்தார். உதறல் அடங்கியது. அதே பழைய சத்தம். கையை எடுத்தார், இருமி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து பிடித்தார், ஓடியது. விட்டார், நின்றது.

குழாய் வெடித்து, அதன் வழியாக வேண்டாத காற்றை இன்ஜின் இழுக்கிறது என்றார். அதைக் கழற்றி என் கையில் தந்தார்.

"பாருங்க, நூல் தடம். வெடிப்பத் தெரிஞ்சவர்தான் இப்படி இறுக்கிச் சுத்தியிருக்காரு. இத யாரு அறுத்தது?"

தெரியாது என்றேன். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அதட்டுகிறவள் நான்.

புதுக் குழாய் போட்டதும் கார் அலுங்காமல் ஓடியது. சந்தோஷப்பட வேண்டியவள், வீடு வரை அழுதுகொண்டே ஓட்டினேன். அப்பா சாமிக்கும் கட்டவில்லை, எனக்கும் கட்டவில்லை. ஓட்டைக் குழாய்க்குக் கட்டியிருக்கிறார். நான்தான் இத்தனை வருஷமாக அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அம்மா கறிக்குப் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த எரிச்சலையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். அது சாமிக் கயிறே இல்லை, வெறும் ஒட்டுவேலை என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியாதா? குழாய் வெடிச்சிருக்கு, நாளைக்குப் புள்ள தனியா ஓட்டுது, நூல் குடுன்னு எங்கிட்டதான் கேட்டாரு. பூக்கட்டுற நூல் இருந்துச்சு. மஞ்சள்ல முக்கி, மாரியம்மா படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டு எடுத்துக் குடுத்தேன்."

அப்பாவுக்கு அது தெரியுமா என்று கேட்டேன்.

"கையெல்லாம் மஞ்சளாச்சு, தெரியாம இருக்குமா? திட்டப் போறாருன்னுதான் நின்னேன். நூலப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. ஒண்ணும் பேசாம உக்காந்து சுத்துனாரு. பாதியில தலையத் தூக்கி, இது பத்தாது, இன்னும் கொஞ்சம் மஞ்சள்ல முக்கிக் குடுன்னாரு."