சிலோன் அக்காவின் இசைத்தட்டு

அவரை எஸ்டேட்டில் எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிட்டோம். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் குமாஸ்தா. அவர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர், கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். யாராவது பேச்சுக் கொடுத்தால் போதும், பதினேழு வயதில் கொழும்புக்குப் போய் ஒரு பாட்டுப் பாடியதையும், கிட்டாரும் மேளமுமாக அது இசைத்தட்டில் வந்ததையும் சொல்ல ஆரம்பித்துவிடுவார். "தராசு முள்ளே, தராசு முள்ளே, எந்தப் பக்கம் சாயுற?" என்று முதல் வரியைப் பாடியும் காட்டுவார்.

"அந்தத் தட்டு எங்கீங்க?" என்று கேட்பேன்.

"கப்பல்ல வர்றப்ப பெட்டியோட போயிருச்சு தம்பி."

"அப்ப மீனெல்லாம் கேட்டுட்டு இருக்குதுங்களா?"

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இருபது வருடங்களுக்கு முன் பொங்கல் விளையாட்டு விழாவில், சிலோன் புகழ் பாடகி என்று மைக்கில் அறிவித்து நானே அவரை மேடைக்கு அழைத்தேன். அவர் நம்பிவிட்டார். ஊட்டுக்கு ஓடிப்போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். முதல் வரி முடிந்ததும் மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டேன். மைதானத்தில் ஒரே சிரிப்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகள் எழுந்து போய்விட்டாள். அவர் நிறுத்தவில்லை. செத்த மைக்கைப் பிடித்தபடி கடைசிச் சரணம்வரை பாடினார். அவர் நிறுத்தாததுதான் எனக்கு இன்னும் சிரிப்பை மூட்டியது.

போன வருடம் கோத்தகிரி பஸ்ஸில் போனில் வீடியோக்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த முதல் வரி காதில் விழுந்தது. வெளிநாட்டில் யாரோ பழைய இசைத்தட்டிலிருந்து பதிவேற்றியிருந்தார். தட்டின் படத்தில் அவர் பெயர் இருந்தது. கேட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை.

நல்ல பாட்டு. அதை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. குரலில் தேன் இல்லை. லேசாக மூக்கால் பாடுகிறார். கொழுந்து நிறுப்பவரைக் கேலி செய்யும் பெண்ணின் பாட்டு அது. இரண்டாம் சரணத்தில் வரிக்கு நடுவே நிஜமாகவே சிரித்துவிடுகிறார், தாளம் மட்டும் பிசகவில்லை. மூன்றாம் சரணத்தில் அம்மாவின் கூடை தராசில் ஏறுகிறது. மெட்டு அதே துள்ளலோடுதான் போகிறது. ஆனால் அங்கே அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது.

அதைப் போனில் இறக்கிக்கொண்டு மறுநாள் ஃபேக்டரியில் போட்டுக் காட்டினேன். "இதென்னுங்க, சாவுக் கூத்தாட்டம் இருக்குது?" என்றார் டிரைவர். மற்றவர்கள் அரைச் சரணம்கூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர் ஊட்டுக்குப் போனேன். அவர் வேலையை விட்டு நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கல்யாணமாகித் திருப்பூர் போனவள், வருவதே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பாட்டைப் போட்டு நீட்டினேன். அவர் போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"அன்னிக்கு வயரப் பிடுங்கினது நான்தானுங்க," என்றேன்.

"தெரியும்."

"இப்ப எல்லாருக்கும் சொல்றேனுங்க. நீங்க சொன்னது நெசம்னு."

"நெசம்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு?" போனைத் திருப்பிக் கொடுத்தார். "எம் பிள்ள அன்னிக்கு எந்திரிச்சுப் போனவதான் தம்பி, இன்னும் எங்கூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. இத உங்க போன்லருந்து அழிச்சிருங்க. நீங்க கேக்க வேணாம்."

அவர் பார்க்கும்போதே அழித்தேன். டீ வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை.

எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் மறுபடி தேடி இறக்கிக்கொண்டேன். இப்போதும் பஸ்ஸில் அதைத்தான் கேட்கிறேன்.