கண்ணுக்கு வைத்த ஈயம்

எங்கள் கட்சாட்டாப் பேட்டையில் மின்சார இருசக்கர வண்டிகளின் மோட்டார் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் கஸ்பார். அவருடைய மேசைக்குப் பக்கத்தில்தான் நான் மண்டாசி என்னும் மாவுப் பலகாரம் பொரிக்கிறேன். அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

பெட்டிக்குள் விரல் நகமளவு ஒரு தகடு இருக்கும். மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தை அதை வைத்துத்தான் பெட்டி அளக்கும். அளவு மீறினால் அடக்கும். நாங்கள் அதைக் கண் என்போம். அதன் மேல் ஈயத்தை உருக்கி வைத்தால் கண் மங்கிவிடும். எவ்வளவு போனாலும் பெட்டிக்குக் குறைவாகவே தெரியும். வண்டி மேட்டில் ஆடு மாதிரி ஏறும்.

"கண்ணை மூடி விடுண்ணே, ரெண்டு மூட்டையோட ஏறணும்" என்று வந்து நின்றவர்களுக்கு கஸ்பார் ஏழு வண்டியில் அப்படிச் செய்து கொடுத்தார்.

அதில் ஒன்று ஃபோஸ்தானுடையது. மேட்டில் பெட்டி கருகி, சக்கரம் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த லாரி ஏறி ஃபோஸ்தான் செத்தான். எல்லோரும் லாரிக்காரனைத் திட்டினார்கள். கஸ்பார் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் காதில் அந்த வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்கும். பட்டப்பகலில், ஒரு வண்டியும் இல்லாத சாலையில், நானும் கேட்டேன். எண்ணெய் காய்கிற சத்தம் என்றாள் என் மகள். நாற்பது வருஷமாக எண்ணெய் காய்ச்சுகிறேன், எனக்குத் தெரியாதா?

ஏதேதோ சாக்குச் சொல்லி ஐந்து வண்டிகளில் ஈயத்தை எடுத்துவிட்டார். ஒன்று மட்டும் கைமாறிப் போயிருந்தது. இன்னொருவர் சாவதற்குள் அதைப் பிடிக்க வேண்டும். போகிற வண்டிக்கெல்லாம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை.

மழை விட்ட ஒரு காலை, வெஸ்தின் என்கிற பெண் மண்டாசி வாங்க வண்டியை நிறுத்தினாள். அதன் சத்தத்திலேயே கண்டுகொண்டு, கஸ்பார் ஓடிப்போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, பெட்டியத் திறக்கணும்."

"விடுண்ணே! இந்த ஊர்லயே நல்லா ஏறுற வண்டி இது. பொறாமையா?"

"ஓசியாவே பண்ணித் தரேன்."

"ஓசின்னா இன்னும் பயமா இருக்கே. கிழவி, இவருக்கு ஒரு மண்டாசி குடு, பசி மயக்கம்."

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஃபோஸ்தானின் அண்ணன் கரேகேசியும் இருந்தார். கஸ்பார் அவரைப் பார்த்தார். பிறகு சாவியை விட்டார்.

"ஃபோஸ்தானைக் கொன்னது லாரி இல்ல. அவன் வண்டியோட கண்ணை நான் மூடினேன். இதையும் நான்தான் மூடினேன்."

சிரிப்பு நின்றது. வெஸ்தின் வண்டியிலிருந்து இறங்கி, சாவியை எடுத்து நீட்டினாள்.

கஸ்பார் ஈயத்தை உருக்கி வழித்து எடுக்கும்வரை கரேகேசி அசையவில்லை. அடிப்பார் என்றே நினைத்து, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவரோ தன் வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து மேசை முன்னால் நிறுத்தினார்.

"இதையும் திற."

"இதுல நான் கை வைக்கலையே, அண்ணே."

"நீ வைக்கல. தம்பிக்கு நீ செஞ்சதப் பக்கத்துல நின்னு பாத்தேன். வீட்டுக்குப் போய் நானே வச்சுக்கிட்டேன். அப்புறம் கேட்டவனுக்கெல்லாம் வச்சுக் குடுத்தேன்."

"எத்தனை பேருக்கு?"

கரேகேசி விரல்களை மடக்க ஆரம்பித்தார். இரண்டு கையும் போதவில்லை.