ஒரு தரம் மட்டும் கூப்பிட்டால்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். அவருக்குக் கொழும்பில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். எனக்குத் தூக்கம் வரவில்லை... அதனால் நம்ம பழைய பெக்டரி வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துவிட்டேன்.

அந்த மணம் ஞாபகம் இருக்கிறதா? நனைந்த ரெயின்கோட்டின் ரப்பர் மணமும், பெக்டரி மாடியில் வாடும் தேயிலைக் கொழுந்தின் பச்சை மணமும் கலந்து வருமே, அது.

ஏ.எல். பரீட்சை முடித்த கையோடு, அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பெக்டரி ஒன்றில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலைக்கு நம்மை எடுத்தார்கள். பிரான்சிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள் என்று, கண்டியிலிருந்து ஒரு மிஸ் வந்து பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். தனித்தனிச் சொல்லாக இல்லை, குடும்பம் குடும்பமாக.

ரெயின், ரெயின்கோட், ரெயின்போ... ஆங்கிலத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற சொற்கள். பிரெஞ்சுக்குப் போனதும் ஆளுக்கொரு தோட்டத்துக்குப் பிரிந்துவிடும். ப்ளூயி, அன்பெர்மேயாப்ல், ஆர்க்கான்சியேல். ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருக்காது.

ஆனால் ஆங்கிலத்தில் எங்கோ தனியாக நின்ற அம்ப்ரெல்லா, பிரெஞ்சில் மழை வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். பராப்ளூயி. நம்ம சுபாவுக்கு அந்தச் சொல்மேல் அப்படி ஒரு பிரியம். எந்தப் பாடமானாலும் அதைச் சொல்லித்தான் முடிப்பாள்.

வேலை விட்டுப் போகும்போது ஓடைக்கு மேலே உள்ள ரோட்டில் நான், கீழ் ரோட்டில் சுபா. நடுவில் பனிமூட்டம். ஆளை ஆள் தெரியாது. நான் ஆங்கிலத்தில் கூவுவேன், அவள் பிரெஞ்சில் திருப்பி அனுப்புவாள். நம் பாடம் முழுக்க அந்த மூட்டத்துக்குள்தான் மனப்பாடமானது.

பெக்டரி கூட்டுகிற மாரியக்காவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"ஏன்டி, மூட்டத்துக்குள்ள யாரு கூப்புட்டாலும் மூணு தரம் கூப்புட்டப்பறம்தான் என்னான்னு கேக்கணும். அதுங்க ஒரு தரந்தான் கூப்புடும். வீட்டுல சொல்லித் தரலயா ஒங்களுக்கு?"

"அதுகளுக்கு பிரெஞ்சு தெரியாதுக்கா" என்றாள் சுபா.

"ஆமா, இந்த மலையில மொதமொத பொதைச்சதே வெள்ளக்கார தொரைமாரத்தான். அவனுகளுக்குத் தெரியாத பாஷையாடி?"

எவ்வளவு சிரித்தோம்...

அப்புறம் அந்தச் சாயந்தரம். எனக்குத் தேயிலை ருசி பார்க்கிற அறையில் வேலை, சுபாவுக்குக் கீழே பெக்டரிக் கடையில். அவள் எப்போதும் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவாள். நான் ரோட்டுக்கு வந்தபோது வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. வழக்கம்போல, "ரெயின்!" என்றேன்.

"ப்ளூயி."

"ரெயின்கோட்!"

"அன்பெர்மேயாப்ல்."

சுபாவின் குரல்தான். தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி கொஞ்சம் கனமாக இருந்தது. "ரெயின்போ!" என்றேன். பதில் சற்றுத் தாமதித்து வந்தது. அது கீழ் ரோட்டிலிருந்து வரவில்லை. நான் நின்ற பக்கத்திலேயே, தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து வந்தது.

அடுத்த சொல்லைக் கூவ வாயைத் திறந்தேன். கூவவில்லை.

"பராப்ளூயி."

நான் கூப்பிடாத சொல்லுக்குப் பதில் வந்துவிட்டது. ஒரு செருப்பு அங்கேயே கிடக்க, லயம் வரைக்கும் ஓடினேன்.

மறுநாள் சுபாவிடம் கேட்டேன். "நானா? நேத்து மத்தியான பஸ்லயே போயிட்டேனே. அப்பாவுக்கு மருந்து எடுக்க டவுனுக்குப் போனேன்ல?" என்றாள். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அவள் எதற்குத்தான் சிரிக்காமல் இருந்தாள்? ஏமாற்றுகிறாள் என்றே முடிவு பண்ணிவிட்டேன். இத்தனை வருஷமும் அந்த முடிவோடுதான் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது நாங்கள் இருப்பது கொத்மலைப் பக்கம். பின்கதவைத் திறந்தால் தேயிலை, அதற்குக் கீழே நீர்த்தேக்கம். பின்னேரமானால் தண்ணீரிலிருந்து மூட்டம் ஏறி வந்து வாசற்படியில் நிற்கும்.

இன்றைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் மகள் தியா, நாலு வயது, பின்கதவில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ளூயி" என்றாள்.

கொஞ்சம் நிறுத்தி, யாரோ பேசுவதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். "ஆர்க்கான்சியேல்." மறுபடியும் ஒரு நிறுத்தம். "பராப்ளூயி."

கல்யாணத்துக்குப் பிறகு நான் பிரெஞ்சில் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. இந்த வீட்டில் அது தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

"யாருகிட்ட பேசுற தங்கம்?"

"கூப்புட்டாங்க."

"யாரு?"

"தெரியல." திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, அவங்க ஏன் ஒரு தரந்தான் கூப்புடுறாங்க?"

மூன்று தரம் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

அவருக்குப் போன் பண்ணினேன். "டீவியில கேட்டிருப்பா, நீ வேற!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அதை ஒட்டி அரிசி வாளியையும் இழுத்து வைத்திருக்கிறேன்.

அப்போதெல்லாம் மூட்டம் இறங்கினால் பாடம் தொடங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். அதே மூட்டம்தான், அதே மழைதான். அப்போது நான் தனியாள், ஓடினால் போதும். இப்போது ஓடவேண்டியது நான் மட்டும் இல்லையே.

சுபா, நீ இருக்கிற பாரிஸில் இன்னும் ராத்திரி ஆகியிருக்காது. போன ஞாயிறு நீ வீடியோ கோலில் வந்தாய். போனைத் தியாவிடம் கொடுத்துவிட்டு நான் உடுப்புக் காயப்போடப் போனேன். அப்போது நீதான் சொல்லிக்கொடுத்தாயா? அன்றைக்குச் செடிக்குள் ஒளிந்திருந்ததும் நீதானா? ஆமாம் என்று சொல், நன்றாகத் திட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறேன். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடு. இந்தத் தடவை மட்டும் விளையாடாதே.

நாளைக்கும் சாயந்தரம் வரும். அதற்கு முன்னால் பதில் போடு.